வாடிப்பட்டியில எத்தனை பேரு தாத்தா?

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியலை. தென்னைக்கு உரம் வைக்கிற வேலை, அது முடிஞ்சதும் முதுகுவலி. போன ஞாயித்துக்கிழமை வந்த ஒரு போன்தான் மறுபடியும் என்னை எழுத உக்கார வச்சுச்சு.

மகன் குடும்பத்தோட ஆஸ்திரேலியாவில வுலங்காங் என்கிற ஊரில இருக்கான். (“ஹாங்காங்குக்குப் பக்கமா மச்சான்?”னு என் மச்சினன் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்.) சிட்னிக்குத் தெக்கே எண்பது கிலோமீட்டர், கடலோர ஊர். பேத்திக்குப் பதினோரு வயசு. அவ ஸ்கூல்ல ஒரு புராஜெக்ட். முதல் பக்கத்தில இப்ப இருக்கிற ஊரோட வரலாறும் ஜனத்தொகையும், ரெண்டாவது பக்கத்தில குடும்பம் எந்த ஊர்ல இருந்து வந்துச்சோ அந்த ஊரோட வரலாறும் ஜனத்தொகையும்.

முதல் பக்கத்தை அரை மணி நேரத்தில முடிச்சுட்டா. எனக்கே படிச்சுக் காட்டுனா. ஆதியில இருந்தவங்க தராவல் மக்கள். அப்புறம் வெள்ளைக்காரங்க வந்து நிலக்கரி தோண்டுனாங்க. 1902-ல மவுண்ட் கெம்ப்ளா சுரங்கம் வெடிச்சு 96 பேர் செத்தாங்க. 1928-ல இரும்பாலை வந்துச்சு. 1947-ல பக்கத்துல இருந்த நாலு கவுன்சிலை ஒண்ணாச் சேத்து இப்ப இருக்கிற வுலங்காங் மாநகரம் ஆக்குனாங்க. 2021 கணக்குப்படி ரெண்டு லட்சத்துக்கு மேல ஜனம். முடிஞ்சது கதை.

“தாத்தா, இப்ப நீங்க சொல்லுங்க. வாடிப்பட்டியில எத்தனை பேரு?”

அட, இது ஒரு கேள்வியான்னு வாயைத் தொறந்தேன். மூடிட்டேன். “நாளைக்குச் சொல்றேன்டா கண்ணு”ன்னு போனை வச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி ஆரம்பிச்ச தேடல் நாலு நாள் ஓடிச்சு. அதைத்தான் இங்க கொட்டப் போறேன். கொசுவத்தி கொஞ்சம் ஜாஸ்தியா சுத்தும், பொறுத்துக்கங்க :-)

முதல்ல, எங்க ஊர் எந்த ஊரைச் சேந்தது? சிரிக்காதீங்க. மதுரையில இருந்து திண்டுக்கல் போற ரோட்டுல இருபத்தஞ்சு கிலோமீட்டர் போல வந்தா வாடிப்பட்டி. வடக்கே சிறுமலை, தெக்கே வைகை. மேளத்துக்குப் பேர் போன ஊர். கல்யாணமோ கோயில் கொடையோ, ‘வாடிப்பட்டி மேளம்’னு போஸ்டர்ல போட்டாத்தான் பலருக்குத் திருப்தி. இப்ப மதுரை ஜில்லாவில ஒரு தாலுகா தலைநகர். சோழவந்தான், அலங்காநல்லூர், பாலமேடுன்னு நீங்க பொங்கலுக்கு டிவியில பாக்கிற ஊரெல்லாம் எங்க தாலுகாதான் (லேசா காலரைத் தூக்கி விட்டுக்கிறேன்).

ஆனா 1906-ல பிரான்சிஸ் துரை எழுதுன மதுரை கெசட்டியரைப் பிரிச்சா, சோழவந்தானோட எங்க பக்கமெல்லாம் நிலக்கோட்டை தாலுகா. 1985-ல மதுரையை உடைச்சு திண்டுக்கல் ஜில்லா போட்டாங்க. நிலக்கோட்டை அங்கிட்டுப் போயிருச்சு, நாங்க இங்கிட்டே நின்னுட்டோம். அப்புறம் பெரியகுளம், உத்தமபாளையம் பக்கமெல்லாம் பிரிஞ்சு தேனி ஜில்லா ஆச்சு. அதோட விட்டாங்களா? 2009 தேர்தல்ல இருந்து எங்க சோழவந்தான் சட்டமன்றத் தொகுதி தேனி எம்.பி. தொகுதிக்குள்ள. கலெக்டர் மதுரையில, எம்.பி. தேனிக்கு. வீடு மட்டும் இருந்த இடத்துலயேதான் இருக்கு.

இதைப் படிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. பேத்தி ஊருக்குக் கடல் இருக்கு, நம்மளுக்கு இல்லையேன்னு நெனச்சேன் பாருங்க. நம்மளுக்கும் இருந்திருக்கு! 1910-ல ராமநாதபுரத்தைத் தனி ஜில்லாவாப் பிரிக்கிற வரைக்கும், ராமேஸ்வரம் கடற்கரை மதுரை ஜில்லாவுக்குள்ளதான் இருந்துச்சு. ராமநாதபுரம் ஜமீன், சிவகங்கை ஜமீன், திண்டுக்கல், பழநி, கொடைக்கானல், கம்பம் எல்லாம் சேந்த அந்தப் பெரிய மதுரையில 1901-ல எத்தனை பேர் தெரியுமா? 28,31,280. இத்தனையையும் வெட்டிக் கொடுத்துட்டு மிச்சம் இருக்கிற இந்தச் சின்ன மதுரையில 2011-ல 30,38,252. அந்தக் கடல், அந்த மலை, அந்தக் காடு எல்லாத்துலயும் பரவிக் கெடந்த கூட்டத்தைவிட ஜாஸ்தியான கூட்டம் இப்ப இந்தத் துண்டுக்குள்ள.

ஆனா இந்த எண்ணிக்கை எப்பவும் ஏறிக்கிட்டே வரலை. 1871-ல மதுரை ஜில்லாவில 22 லட்சத்து 66 ஆயிரம் பேர். பத்து வருஷம் கழிச்சு 1881-ல எண்ணினா 21 லட்சத்து 68 ஆயிரம். ஒரு லட்சம் பேரைக் காணோம். நடுவுல வந்தது 1876-ல ஆரம்பிச்ச தாது வருஷப் பஞ்சம். செத்தவங்க போக, கண்டி மலைக்கும் மத்த சீமைகளுக்கும் கூலியாக் கப்பல் ஏறுனவங்களும் இந்தக் கணக்குல காணாமப் போனவங்கதான். எங்க அப்பாவோட பாட்டி பஞ்சக் கதை சொல்லும்போது, “அந்தத் தெருவுல அடுப்பு எரியலை”னு மட்டும்தான் சொல்லுமாம். யார் செத்தா, யார் கெளம்பிப் போனான்னு பிரிச்சுச் சொல்லாதாம். சென்சஸ் புஸ்தகமும் அப்படித்தான். ஆள் இல்லைன்னு சொல்லும், எங்க போனாருன்னு சொல்லாது.

அப்புறம் 1895-ல பெரியாறு அணைத் தண்ணி வந்துச்சு. மேற்கே கேரளத்துப் பக்கம் ஓடுற தண்ணியை மலையைக் குடைஞ்சு வைகைக்குத் திருப்பி, பேரணையில மறிச்சு, பெரியாறு பிரதான கால்வாய் வழியா எங்க ஊர்ப் பக்கம் விட்டாங்க. பேரணையில இருந்து கள்ளந்திரி வரைக்கும் இன்னைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். இந்த நம்பரை மட்டும் தேட வேண்டிய அவசியமே இல்லை. வருஷா வருஷம் தண்ணி தொறக்கும்போது பேப்பர்ல வர்றதால எங்க பக்கம் சம்சாரிங்களுக்கு மனப்பாடம். பென்னிகுயிக் படத்தை இந்த ஏரியாவில ஏன் மாட்டி வச்சிருக்காங்கன்னு வெளியூர் நண்பர்களுக்கு இப்பப் புரிஞ்சிருக்கும். போன ஜனம் திரும்புனதுக்கும், இருந்த ஜனம் தங்குனதுக்கும் இந்தத் தண்ணி ஒரு பெரிய காரணம்.

சரி, பேத்தி கேட்ட கேள்விக்கு வர்றேன். இன்னைக்கு எத்தனை பேர்?

இங்கதான் மாட்டிக்கிட்டேன். ஆஸ்திரேலியாவில அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எண்ணுறாங்க. (அவங்களும் ஒழுங்கில்லை. ஆதிகுடிகளை ஜனத்தொகைக் கணக்கில சேக்கக் கூடாதுன்னு அவங்க அரசியல் சட்டத்தில 127-ம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. 1967-ல ஜனங்க ஓட்டுப் போட்டுத்தான் அதைத் தூக்குனாங்க. தராவல் மக்களைப் பத்தி மொதல் வரியில எழுதின பேத்திகிட்ட இதையும் எழுதச் சொல்லியிருக்கேன்.) நம்ம ஊர்ல பத்து வருஷத்துக்கு ஒருக்கா. 2021-ல நடக்க வேண்டியது கொரோனாவில நின்னது நின்னதுதான். வீட்டுக் கணக்கு 2026-ல. தலைக் கணக்குக்கு 2027 மார்ச் 1-னு 2025 ஜூன் மாசம் அரசிதழ்ல போட்டாங்க. அதனால நம்ம கையில இருக்கிற கடைசி நம்பர் 2011-தான். அதுப்படி வாடிப்பட்டி பேரூராட்சி முப்பதாயிரத்தைத் தொடலை. இருபதாயிரத்துச் சொச்சம்.

2011 பிப்ரவரி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தாங்க. திண்ணையில உக்கார வச்சு அம்மா மோர் கொடுத்துச்சு.

“ஒங்க வயசு என்னம்மா?”

“அதெல்லாம் யாரு கண்டா தாயி? வைகை டேம் தொறந்தப்ப இவன் கைப்புள்ள. நீயே போட்டுக்க.”

டீச்சர் விரல் விட்டு எண்ணிட்டு என் மூஞ்சியப் பாத்தாங்க. டேம் தொறந்தது 1959. அம்மாவுக்கு எழுபத்தி மூணுன்னு எழுதுனாங்க. “ஒரு மூணு வயசு கொறைச்சுக்கிட்டா ஒண்ணும் தப்பில்லையே”ன்னு அம்மா சொன்னதும் டீச்சர் சிரிச்சதுல மோர் பொரை ஏறிடுச்சு. அம்மா, நான், வீட்டுக்காரம்மா, மகன், மகள். எங்க வீட்டுல அஞ்சு தலை.

2012-ல மகளைக் கோயம்புத்தூர்ல கட்டிக் கொடுத்தோம். 2013-ல மகன் ஆஸ்திரேலியா கெளம்புனான். 2016-ல அம்மா போயிருச்சு. பேத்தி அங்கயே பொறந்தவ. வுலங்காங் கணக்குல அவ ரெண்டு தடவை ஏறிட்டா, நம்ம கணக்குல ஒரு தடவைகூட இல்லை. அடுத்த தடவை டீச்சர் வந்தா எங்க வீட்டுல ரெண்டே தலைதான்.

அதாவது, வாடிப்பட்டியில எத்தனை பேருன்னு யார் கேட்டாலும் இன்னைக்கு நாம சொல்ற நம்பர்ல எங்க அம்மா இருக்கு. பத்து வருஷம் ஆகப் போகுது, இன்னும் கணக்குல இருந்து எறங்கலை. எங்க வீட்டுல மட்டும் அஞ்சுல மூணு தப்பு. தெரு முழுக்க யோசிச்சுப் பாத்தேன். எதுத்த வீட்டுல பையன் துபாய், பக்கத்து வீடு பூட்டியே கெடக்கு. அந்தக் கோடியில ரைஸ்மில் வேலைக்கு வந்த வடநாட்டுப் பசங்க பத்துப் பேர் இருக்காங்க, அவங்க எந்த ஊர்க் கணக்குல இருக்காங்களோ. ரேஷன், குடிதண்ணி, ரோடு, நாளைக்கு எத்தனை எம்.பி. என்கிற வரைக்கும் தலையை எண்ணித்தானே பிரிக்கப் போறாங்க? குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காச் செஞ்ச மாநிலத்துக்கு சீட்டு கொறையுமோன்னு பேசிக்கிறதை எல்லாம் பேப்பர்ல படிக்கிறோம். என் கவலை அவ்வளவு பெரிசில்லை. அடுத்த கணக்குல எங்க வீட்டுல இருந்து மூணு பேரைக் கழிக்கப் போறாங்க. கழிக்கும்போது யாரு எங்க போனாங்கன்னு கேக்கிறதுக்கு அந்தப் படிவத்துல கட்டம் இருக்காது. தாது வருஷத்துலயும் இல்லை.

நாலாம் நாள் பேத்திக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். கடல் கதை அவளுக்கு ரெம்பப் பிடிச்சுப் போச்சு. கடைசியா, “இருபதாயிரத்துச் சொச்சம்னு எழுதிக்கடா. அதுல ஒரு ஆளு உன் பூட்டி”ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டா:

“அப்ப ஒண்ணைக் கழிச்சிறவா தாத்தா?”

“வேணாம்மா. டீச்சர் வந்து கழிக்கட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும்.”

அவ்வளவுதான் மக்களே. 2011-ல உங்க வீட்டுல எத்தனை தலை, இப்ப எத்தனை? நேரம் இருந்தாச் சொல்லிட்டுப் போங்க.