ரப்பெல்

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு 'ரப்பெல்' என்ற சொல் பழக்கமாக இருக்கும். திரும்ப அழைப்பதும் அதுதான், நினைவூட்டுவதும் அதுதான். கணினிக்காரர்கள் 'கால்பேக்' என்பதைப் பிரெஞ்சில் 'ஃபோன்க்ஸியோன் த ரப்பெல்' என்பார்கள். "இப்போது செய்யாதே, உன் முறை வரும்போது செய்" என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பிரெஞ்சுப் பத்திரங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எனக்குப் பிறகு அவற்றைப் படிக்க ஆள் கிடையாது. ஆகவே ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து தமிழில் குறிப்பு எழுதி வருகிறேன். அவற்றில் தேடுவதற்குப் பேரன் அயர்ன்பைதானில் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தான். தேட ஆரம்பித்தால் திரை அப்படியே உறைந்துவிடும். தேடும் வேலையைத் தனி த்ரெட்டுக்கு மாற்றினான். சில நேரம் சரியாக வந்தது, சில நேரம் புரோகிராமே நின்றுபோனது.

காரணம் இதுதான். விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒரு ஜன்னலை உருவாக்கிய த்ரெட் மட்டுமே அதைத் தொட வேண்டும். அலுவலகத்தில் தபால் பதிவேட்டை ஒரே குமாஸ்தா எழுதுவது போல. மற்றவர்கள் சீட்டு வைக்கத்தான் முடியும். அந்தத் தபால் தட்டுக்குப் பெயர் 'பிகின்இன்வோக்'. சீட்டை வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். 'இன்வோக்' என்றால் முடியும்வரை மேசையருகே நிற்க வேண்டும்.

சீட்டு எழுதுவதில் இரண்டு விதி உண்டு.

'செல்ஃப்.காட்டு()' என்று அடைப்புக்குறி போட்டால் வேலை அங்கேயே, தொடக்கூடாத த்ரெட்டிலேயே நடந்துவிடும். தட்டில் விழுவது அதன் விடை மட்டுமே. 'செல்ஃப்.காட்டு' என்று பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். எந்த ஜன்னலின் வேலை என்பதும் அந்தப் பெயரோடு சேர்ந்தே போய்விடும்.

அடுத்தது, பைதான் மெத்தடை வெறுமனே நீட்டினால் டாட்நெட் வாங்காது. உரிய படிவத்தில் இல்லாத மனுவைத் திருப்பி அனுப்புவோமே, அதே கதைதான். அது கேட்கும் படிவத்துக்கு டெலிகேட் என்று பெயர். 'ஆக்‌ஷன்(செல்ஃப்.காட்டு)' என்று உறை போட்டுக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறது.

பேரன் இந்த ஒரு வரியைத்தான் மாற்றினான். இப்போது பாட்டியின் பெயரைத் தட்டினால் பத்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து சேர்கின்றன. நடுவில் 'நிறுத்து' பொத்தானும் வேலை செய்கிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பிரெஞ்சுப் பத்திரங்கள் இருந்தால், கண் தெரியும்போதே குறிப்பெழுதி வையுங்கள். தேடிக் கொடுக்கும் வேலையைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். படித்துச் சொல்ல நாம்தான் இருக்கிறோம்.