வெடிக்காத ஊர்!

தீபாவளி லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்புற எல்லோரும் ஆளுக்கொரு சரவெடிக் கதையோடதான் வருவாங்க. என் முறை வரும்போது, "எங்க ஊர்ல வெடிக்கிறதில்லை பாஸ்" என்பேன். "அச்சச்சோ... சாவு எதுவும் விழுந்துருச்சா?" என்று பதறுவார்கள். சாவு இல்லீங்க, பிரசவம்!

மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகிற பக்கம் இருக்கிறது கொள்ளுக்குடிப்பட்டி. சிவகங்கை மாவட்டம். மழைக்குக் கண்மாய் நிறைஞ்சா நத்தைக்குத்தி நாரை, வக்கா, அரிவாள் மூக்கன் எல்லாம் வந்து மரத்துக்கு மரம் கூடு கட்டும். ஒரே ஒரு லட்சுமி வெடி போட்டால் போதும், மொத்தக் கூட்டமும் எழும்பிடும். முட்டையும் குஞ்சும் அம்போ! அதனால் தீபாவளி மட்டுமில்லை, கல்யாணம், கோயில் திருவிழாவுக்கும் வேட்டு கிடையாது. பெருசுகள் போட்ட கட்டுப்பாடு. 1977-ல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று அரசாங்கம் அறிவிச்சது. மூணு கண்மாயும் சேர்த்து மொத்தமே 38.4 ஹெக்டேர்தான். தீபாவளிக்கு வனத்துறைக்காரங்க வந்து ஸ்வீட் கொடுப்பாங்க. (வெடிக்கு ஈடா ஸ்வீட்டான்னு கேட்காதீங்க, எட்டு வயசுல எங்களுக்கும் அந்தக் கடுப்பு இருந்துச்சு!)

எங்க செட்டுல ஒருத்தனுக்கு 'நாரை'ன்னே பேர். கழுத்து அப்படி. வளர்ந்த நத்தைக்குத்தி வாயை மூடினாலும் அலகுக்கு நடுவுல ஒரு இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் விழும். இதை எனக்குச் சொன்னது பயாலஜி மிஸ் இல்லை, நாரைதான். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கையில் ஏந்திக்கிட்டு, "இதுக்கு இன்னும் பல்லு விழலடா" என்றான்.

2016. நாங்க ஆறாவது. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல வழக்கத்தைவிட 60 சதவிகிதத்துக்கும் மேல குறைஞ்ச வருஷம். எங்க ஊர்ல வெடிச்சது கண்மாய்த் தரை மட்டும்தான். பறவை வரலை. "அதான் ஒண்ணும் வரலையே, இந்தத் தீபாவளிக்காவது வெடிக்கலாம்டா"ன்னு செட்டே கிளம்பிடுச்சு. நாரை மட்டும், "நாளைக்கு வந்துட்டா?"ன்னு கேட்டான். யாரும் வெடிக்கலை.

நாளைக்கும் வரலை. அந்த வருஷம் வாங்கின கடன்ல இருந்து அவங்க வீடு எந்திரிக்கவே இல்லை. பத்தாவது முடிச்ச கையோடு அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். நான் ப்ளஸ் டூ, கவுன்சலிங், கோயம்புத்தூர்ல மெக்கானிக்கல்.

அவனுக்கு ஓவர்டைம், எனக்கு அரியர். போன் பண்ணினா ரெண்டு நிமிஷத்துல பேச்சு தீர்ந்துடும். "அப்புறம்?" "நீதான் சொல்லணும்." மூணாவது 'அப்புறம்'ல கட் பண்ணிடுவோம். உங்களுக்கும் அப்படி ஒரு ஃப்ரெண்ட் இருப்பான்தானே?

ஆனா, ஐப்பசி பொறந்துட்டா அவனே கூப்பிடுவான். ஹலோகூடக் கிடையாது. "வந்துருச்சா?" அவ்வளவுதான். நான் என்ன கண்மாய்க்கரையிலயா இருக்கேன்? உடனே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டு, திரும்ப அவனைக் கூப்பிட்டுச் சொல்லணும். அம்மா நம்பர் அவன்கிட்டயே இருக்கு. நேரா கேட்கலாம். கேட்க மாட்டான். நானும் ஏன்னு கேட்டதில்லை.

போன தீபாவளிக்குத் திருப்பூர்லேருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்து சேர்ந்தான். ராத்திரி ரெண்டு பேரும் கரையில உட்கார்ந்திருந்தோம். தூரத்துல எங்கேயோ வாணம் பூக்கிறது தெரிஞ்சுது, சத்தம் வரலை. இருட்டுக்குள்ள மரத்துல அலகு தட்டுற சத்தம் மட்டும் 'டக டக'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சூப்பர்வைசர் திட்டினதைச் சொன்னான். நான் அரியர் கணக்கைச் சொன்னேன். அன்னிக்கு யாரும் 'அப்புறம்' சொல்லலை.

இந்த வருஷம் ஐப்பசி பொறந்து நாலு நாளாச்சு. அவன் போன் இன்னும் வரலை. அம்மாகிட்ட நானே முந்திக்கிட்டு விசாரிச்சு வெச்சிருக்கேன்.

வந்துருச்சாம்.