கூழாங்கல் பீச்... பசியில் பிறந்த பாதை... பிரான்ஸின் ‘நீஸ்’ போகலாமா?

ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘நைஸ்’ என்று படித்துவிடாதீர்கள். ஊரின் பெயர் ‘நீஸ்’. பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் மத்தியதரைக் கடல் நகரம். இரண்டாயிரம் வருடங்களுக்கும் முன்பு கிரேக்கர்கள் அமைத்த ஊர் இது.

ஒரு ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த ஊர் பீச்சில் மணல் கிடையாது. முழுக்கக் கூழாங்கற்கள்தான். வெறுங்காலோடு நாலு எட்டு வைத்தாலே பாதம் கெஞ்சும். தண்ணீரில் போட்டுக்கொள்ளும் ரப்பர் ஷூ கட்டாயம் வேண்டும். சில அடிகளிலேயே ஆழமும் வந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனம்!

அப்புறம் ஏன் இவ்வளவு கூட்டம்? கடலை ஒட்டியே ஏழு கிலோமீட்டர் நீளும் நடைபாதைதான் காரணம். பெயர், ‘ப்ரோமனாட் தே ஸாங்லே’. ‘ஆங்கிலேயர்களின் நடைபாதை’ என்று அர்த்தம். பிரான்ஸில் ஆங்கிலேயர் பெயரில் பாதையா என்று கேட்கிறீர்களா? இது போடப்பட்டபோது நீஸ் பிரான்ஸிலேயே இல்லை. சார்டினியா ராஜ்ஜியத்தில் இருந்தது.

இங்கிலாந்துப் பணக்காரர்கள் தங்கள் ஊர்க் குளிருக்குப் பயந்து, குளிர்காலத்தை இங்கே கழிப்பார்கள். 1820-களின் தொடக்கத்தில் ஒரு வருடம் இங்கேயும் கடும் குளிர். ஆரஞ்சு மரங்கள் கருகி, வேலையில்லாமல் ஏராளமானோர் பிச்சையெடுக்கும் நிலை. லூயிஸ் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தன் நாட்டவர்களிடம் பணம் திரட்டி, அந்த ஏழைகளைக் கூலிக்கு வைத்துக் கடலோரமாக ஒரு பாதை போட வைத்தார். சுமார் இரண்டு மீட்டர் அகலம்தான். இன்று நட்சத்திர ஹோட்டல்கள் வரிசைகட்டி நிற்கும் பாதைக்கு அதுதான் ஆரம்பம். பணம் கொடுத்தவர்கள் பெயர் பாதையில் இருக்கிறது. கல் சுமந்தவர்கள் பெயர் எங்குமே இல்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும்!

1860-ல் நீஸ் பிரான்ஸோடு இணைக்கப்பட்டது. இதில் கொதித்துப்போனவர், இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி. காரணம், 1807-ல் அவர் பிறந்தது இதே நீஸில்தான். நாட்டை ஒன்றுசேர்த்தவருக்குச் சொந்த ஊர் வெளிநாடாகிப்போனது. பழைய நகரின் ஓரத்தில் அவர் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது.

கடலோரத்தில் ‘கோட்டைக் குன்று’ என்று ஓர் இடம். மேலே ஏறிக் கோட்டையைத் தேடாதீர்கள். பதினான்காம் லூயி மன்னர் 1706-ல் அதைத் தரைமட்டமாக்கிவிட்டார். ஆனால், மொத்த வளைகுடாவும் தெரியும் காட்சிக்காகவே ஏறலாம். லிஃப்ட் உண்டு, கட்டணம் இல்லை. தினமும் பகல் 12 மணிக்கு இங்கிருந்து ‘டமால்’ என்று ஒரு வெடிச்சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம். ஊர்க்கதை பேசிக்கொண்டு சாப்பாட்டு நேரத்தை மறந்துவிடும் மனைவிக்காக, 19-ம் நூற்றாண்டில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஆரம்பித்துவைத்த வழக்கமாம்!

2016 ஜூலை 14 இரவை இந்த ஊர் மறக்கவில்லை. பிரெஞ்சு தேசிய தினம். வாணவேடிக்கை பார்த்துவிட்டு நடைபாதையில் குடும்பம் குடும்பமாக மக்கள் நின்றிருந்த நேரத்தில், ஒருவன் லாரியைக் கூட்டத்துக்குள் ஏற்றினான். 86 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. இப்போது சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே இரும்புத் தடுப்புகள் இருக்கின்றன. பலியானவர்களின் நினைவாக ஒரு தேவதைச் சிலையும் கடலைப் பார்த்து நிற்கிறது. செல்ஃபி எடுக்கும் அவசரத்தில் அதைக் கடந்துபோய்விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். பழைய நகரின் சந்துகளில் ‘சோக்கா’ கிடைக்கும். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு அவ்வளவுதான். பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, மேலே மிளகுத்தூள் தூவித் தருவார்கள். சைவக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால், ஊர்ப் பெயரிலேயே இருக்கும் ‘நிசுவாஸ் சாலட்’டை வெறும் காய்கறி என்று நம்பி ஆர்டர் செய்துவிடாதீர்கள். உள்ளே மீன் இருக்கும்!

ஓவியர் மத்தீஸ் வாழ்ந்து, 1954-ல் மறைந்த ஊர் இது. அவருக்கும் ஷகாலுக்கும் தனித்தனி மியூசியங்கள் உண்டு. இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை. ‘கூர் சலேயா’ பூ மார்க்கெட்டுக்குத் திங்கள்கிழமை போனால் பூ இருக்காது, அன்று பழம்பொருள் சந்தை.

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் சுகம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். ஷெங்கன் விசா வேண்டும். ஏர்போர்ட்டிலிருந்து டிராமிலேயே ஊருக்குள் வந்துவிடலாம், டாக்ஸிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் ரயிலில் மொனாக்கோ போய்விடலாம். ஒரே பயணத்தில் இரண்டு நாடுகள்!