மேட்டுப் பாத்தியும் சாண் கணக்கும்

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு செல்லும் சாலையை விட்டுச் சற்றே உள்ளொதுங்கியிருக்கும் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு, கத்தரி நாற்று நடும் சமயம் பார்த்து, நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். அங்கே நடவை முன்னின்று நடத்திய அம்மையார் கொள்ளேகாலத்தைச் சேர்ந்தவர். 1956-ஆம் ஆண்டு ராஜ்யங்கள் திருத்தியமைக்கப்படும் வரையில் கோயமுத்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்த தாலுகா அது ஆதலால், கன்னடமும் தமிழும் அவர் நாவில் ஒரே சரளத்துடன் வந்தன.

மே மாதத்திலும் அக்டோபரிலும் மழை வலுக்கின்ற இச்செம்மண் பிரதேசத்தில், நீர் தேங்கி வேர் அழுகிவிடாதிருக்கும் பொருட்டே மண்ணை ஒரு சாண் உயர்த்திப் பாத்தி கட்டுகிறார்கள். நீளம் நிலத்தின் விஸ்தீரணத்துக்குத் தக்கபடி மாறும். அகலம் மட்டும் எங்கும் நாலடிதான். காரணம் கேட்டேன். அம்மையார் நடைபாதையில் குந்தியபடியே கையை நீட்டிப் பாத்தியின் நடுமையத்தைத் தொட்டுக் காட்டினார்.

“அந்தப் பக்கமிருந்தும் இப்படியே கை எட்டணும் சாமி. பாத்தி மேலே கால் பட்டா மண்ணு இறுகிப் போகும். அப்புறம் வேருக்கு மூச்சு ஏது?”

செடிக்குச் செடி அவர் விட்ட இடைவெளி மூன்று சாண். வேளாண்மை நூல்கள் கத்தரிக்குச் சொல்லும் இரண்டடிக்கு அது ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. பாத்திக்கு இரண்டு வரிசை. கரையிலிருந்து ஓரடி உள்ளே ஒன்று, அதற்கு இரண்டடி தள்ளி மற்றொன்று. முதல் வரிசையில் இரு செடிகளுக்கு நடுவே எங்கே வெற்றிடம் இருக்கிறதோ, அதற்கு நேரெதிரே இரண்டாம் வரிசைச் செடியை ஊன்றினார். சதுரமாக நடுவதைவிட இப்படி முக்கோணமாக நடும்போது, செடிகளுக்கு இடையிலுள்ள தூரம் குறையாமலே, பரந்த நிலத்தில் நூற்றுக்குப் பதினைந்து செடிகள் கூடுதலாக இடம் பெறும் என்பது க்ஷேத்திர கணிதம். கலிபோர்னியாவில் ஜான் ஜீவன்ஸ் என்பவர் 1974-இல் வெளியிட்ட காய்கறிப் பயிர் நூலிலும் இம்முறையே வற்புறுத்தப்பட்டிருக்கிறது. ஜீவன்ஸின் பெயரையே கேட்டறியாத அம்மையார் இதே முடிவுக்கு வந்திருப்பது, கண்ணும் கையும் பல பருவங்கள் சேர்ந்து உழைத்துக் கண்ட சாஸ்திரம் என்றே நான் கருதுகிறேன். இதைக் கூலி வேலை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

நெருக்கி நட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டதற்கு, அவர் பக்கத்துப் பாத்தியில் காய்த்து நின்ற பழைய செடிகளிடம் என்னை இட்டுச் சென்றார். யாரோ அவசரத்தில் ஒன்றரைச் சாணில் நட்டுவிட்ட மூலை அது. இலைமேல் இலை கவிந்து, காற்றுப் புகாமல், அடியிலைகள் நண்பகலிலும் ஈரம் உலராமல் பழுத்துக் கிடந்தன. குருத்தையும் காயையும் துளைக்கும் புழு அங்கேதான் அதிகம். காய் பறிக்கக் கை நுழைத்தால் முள் கீறுகிறது. அகல நட்டாலோ, வெயில் நேரே மண்ணில் விழுந்து ஈரத்தைக் குடித்துவிடும், களையும் மண்டும். வளர்ந்த செடிகளின் இலை நுனிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் அளவுகோல். அதுவரையில் வெறுமையாயிருக்கும் நடு இடத்தில் முள்ளங்கியும் கொத்தமல்லியும் விதைத்துவிடுகிறார். கத்தரி கிளைவிட்டுப் பரவும் முன்பே அவை அறுவடையாகி, சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம்.

வெயில் தாழ்ந்த பிறகே நடவு தொடங்கிற்று. ஈரப்படுத்திய மண்ணில் இரு விரலால் குழி செய்து, நாற்றின் வேர் மடங்காமல் இறக்கி, இரு கட்டைவிரல்களாலும் தண்டின் அடியில் மண்ணை அணைத்தார். பிறகு ஒரு சிற்றிலையின் நுனியைக் கிள்ளி இழுத்தார். நுனி அறுந்து கையோடு வந்தது, நாற்று அசையவில்லை. அப்படி அசையாமல் நின்றால்தான் வேர் மண்ணைப் பிடிக்கும்படி நட்டதாக அர்த்தம். ஒரு நாற்று வேரோடு வந்துவிட்டது. அதை மறுபடி ஊன்றி, மீண்டும் சோதித்த பிறகே அடுத்த குழிக்கு நகர்ந்தார்.

மிகுந்த நாற்றுகளைப் பாத்தியின் கோடியில் நெருக்கமாக ஊன்றி வைத்தார்கள். ஏழெட்டு நாளில் எந்த இடத்தில் செடி பட்டுப்போகிறதோ, அந்த இடத்துக்கு இவை பெயர்த்து நடப்படும். அதற்குள் உடன் வேலை செய்த பெண்கள் அடுத்த பாத்திக்குக் கயிறு பிடித்துவிட்டார்கள்.