கடற்பசு தொடுத்த வழக்கு

சென்ற ஆண்டு ஒரு மாலை அஸர் தொழுது விட்டுப் பள்ளிவாசற் படியிறங்கியபோது, நான் அரபு கற்பிக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஐவர் எனக்காகக் காத்து நின்றனர். "ஹஜ்ரத், ஆண்டு விழாவுக்குக் கடற்பசுவைப் பற்றி நாடகம் போடுகிறோம், ஒரு கதை சொல்லித் தாருங்கள்" என்றனர்.

நாடகம் என்றதும் உள்ளம் தயங்கிற்று. மதரஸாவில் ஓதிய காலத்தில் மேடைப் பக்கமே தலைகாட்டாதவன் நான். அதைவிட, அவ்வுயிரின் பெயரே என்னைச் சுட்டது. எங்கள் பாக் நீரிணைக் கரையில் அதனை ஆவுளியா என்பார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கொல்வதைத் தடுத்திருந்தும், என் சிறுவயதில் எங்கள் வீட்டுச் சட்டியில் அதன் இறைச்சி கொதித்ததுண்டு. இன்னும் ஒரு துண்டு கேட்டு அடம்பிடித்ததை நான் மறக்கவில்லை.

ஆயினும் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் விளங்கிய இக்வானுஸ் ஸபா என்னும் அறிஞர் குழுவினரின் நிருபங்களுள் ஒன்று நினைவுக்கு வந்தது. விலங்கினங்கள் திரண்டு சென்று, ஜின்களின் அரசனிடம் மனிதன்மீது வழக்குத் தொடுக்கும் கதை அது. கேட்ட பிள்ளைகளின் கண்கள் ஒளிர்ந்தன. வழக்காடும் விலங்குகளின் இடத்தில் கடற்பசுவை நிறுத்தினார்கள். வளைகுடா அரபிகளும் அதனைப் 'பகருல் பஹ்ர்' என்றே வழங்குகின்றனர், பொருள் கடற்பசுதான்.

வாதங்களைப் பிள்ளைகளே தொகுத்தனர். கடற்பசு நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கு மேல் கடற்புல்லை மேயும். சில நிமிடங்களுக்கொரு முறை மேலே வந்து மூச்சுவிட வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். எழுபது ஆண்டு வரை வாழக்கூடியதாயினும், பல ஆண்டுகளுக்கொரு முறை ஒரே ஒரு கன்றைத்தான் ஈனும். அது மேயும் புல்வெளியோ மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் தொட்டில். சாட்சி சொல்ல வடகடலிலிருந்து ஸ்டெல்லர் கடற்பசுவும் வந்தது. 1741இல் அறிஞர் கண்ணிற்பட்ட அவ்வினம் 1768க்குள் அடியோடு அழிந்தது.

தீர்ப்பில்தான் சிக்கல் எழுந்தது. மூலக்கதையில் வழக்கு மனிதன் பக்கமே தீர்கிறது. மறுமை வாழ்வு அவனுக்கு உண்டென்பதே காரணம். இதனைச் சொன்னபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "மறுமை நமக்கு உண்டென்றால் கேள்வி கணக்கும் நமக்குத்தானே, ஹஜ்ரத்? ஆவுளியாவுக்கும் நாம்தானே கணக்குச் சொல்ல வேண்டும்?"

முப்பது ஆண்டுகளாகக் கிதாபுகளைப் புரட்டிய எனக்கு இது தோன்றவில்லை.

விழா இரவில் பழைய சாம்பல்நிறப் போர்வையைத் தைத்துப் போர்த்திய சிறுவன் கடற்பசுவானான். பக்கீர்மார் இசைக்கும் தாயிரா முழங்க ஜின் அரசன் வந்தான். வாதம் முடிந்ததும் தீர்ப்புக் கூறாமல் எழுந்து, "இக்கரையில் வாழும் நீங்களே சொல்லுங்கள்" என்று கூட்டத்தை நோக்கினான்.

நெடுநேரம் அமைதி. முன்வரிசையில் இருந்த முதிய மீனவர் ஒருவர், "இனி என் வலையில் விழுந்தால் வலையை அறுத்து விட்டுவிடுவேன்" என்றார். "வலை என்ன விலை தெரியுமா, காக்கா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நியாயமான கேள்விதான். அவ்வாறு விடுவிக்கும் மீனவர்க்கு அரசு வெகுமதி அளிக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் நடுக்கடலில் கத்தியை எடுப்பது அரசன்று, படகிலிருப்பவரின் மனச்சாட்சியே.

அப்போது நானும் எழுந்தேன். "நான் அதைத் தின்றவன். கடல்வாழ்வன நமக்கு ஆகுமானவை என்று ஓதியவனும் நானே. ஆகுமானது என்பது வேறு, அற்றுப்போகச் செய்வது வேறு" என்றேன். குரல் நடுங்கிற்று.

விழா முடிந்து போர்வையைக் களைந்த சிறுவன், வியர்வையைத் துடைத்துக்கொண்டே அருகில் வந்து மெல்லக் கேட்டான்: "ஹஜ்ரத், அது ருசியாக இருந்ததா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆம்" என்றேன்.

அன்பர்களே, ருசியற்றதை விட்டுவிடுவதில் என்ன பெருமை இருக்கிறது?