சட்டைக் கையில் ஒரு புலி

தபால் தலை சேர்ப்பவரைக் கண்டால் உலகம் புன்னகை செய்கிறது. பழைய நாணயம் சேர்ப்பவரைக் கண்டால் மரியாதை செய்கிறது. ஜெர்மானியச் சிப்பாயின் சட்டையிலிருந்து பிரித்தெடுத்த துணிச் சின்னங்களைச் சேர்ப்பவரைக் கண்டாலோ, "இவருக்கு என்ன வந்துவிட்டது?" என்று கேட்கிறது. கேள்வி நியாயமானதே. ஹிட்லரின் படை அணிந்த சின்னங்களில் போற்றிப் பூஜிப்பதற்கு ஒன்றுமில்லை. சரித்திர உபாத்தியாயனாகிய நான் அத்துணிகளில் கருத்தைச் செலுத்தியதற்குக் காரணம் ஒரே ஒரு சின்னந்தான்.

அது கேடய வடிவமுள்ளது. காவி, வெள்ளை, பச்சை என்ற மூன்று வர்ணங்களின்மேல் ஒரு புலி பாய்கிறது. தலைப்பில் ‘ஃப்ரையெஸ் இண்டியென்’ என்ற ஜெர்மன் சொற்கள். ‘சுதந்திர இந்தியா’ என்பது பொருள். 1941 ஏப்ரலில் பெர்லின் போய்ச் சேர்ந்த சுபாஷ் சந்திர போஸ், வட ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களையும் ஐரோப்பாவிலிருந்த சில மாணவர்களையும் கொண்டு திரட்டிய படையின் சின்னம் அது. அதில் ஏறத்தாழ 3,000 பேர் இருந்தனர். மலேயாவில் தமிழர்கள் திரளாகச் சேர்ந்த இந்திய தேசிய ராணுவம் வேறு, இது வேறு. 1943 பிப்ரவரியில் போஸ் நீர்மூழ்கிக் கப்பலேறிக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டார். அவர் திரட்டிய படை ஐரோப்பாவிலேயே நின்றது.

பொருள் அபூர்வமானால் போலி பெருகுவது உலக இயற்கை. ஜெர்மானியச் சின்னங்களுக்கு யுத்தம் முடிந்த சிறிது காலத்திலேயே போலிகள் தோன்றிவிட்டன. எனவே வாங்குவோன் முதலில் நெசவைக் கற்க வேண்டும். அக்காலத்துச் சின்னங்களிற் சில ஊசியால் பூவேலை செய்தவை; சில துணியில் அச்சிட்டவை; சில ஜாக்கார்டு தறியில் தட்டையாக நெய்தவை. நாடா நெசவுக்குப் பேர்போன வுப்பர்டால் நகரத்தின் தறிகளில் பின்சொன்ன வகை ஏராளமாய் உருவாயிற்று. நெய்த சின்னத்தைத் திருப்பிப் பூதக்கண்ணாடியால் பார்த்து, ஐயமற்ற அசலோடு இழைக்கு இழை ஒப்பிட வேண்டும். முகம் ஒத்திருந்தும் முதுகு காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தபடி, வெயிலைச் சாட்சிக்கு அழைக்கலாம். பல காலம் சட்டையில் தைத்திருந்த சின்னத்தின் முகம் மங்கியிருக்கும். உள்ளே மடித்துத் தைத்த விளிம்பில் பழைய வர்ணம் பிழைத்திருக்கும். தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் ‘பழமை’ ஏற்றிய போலியோ இருபுறமும் ஒரே சீராய் அழுக்கேறியிருக்கும்.

மூன்றாவது பரீட்சை புற ஊதாக் கதிர் விளக்கு. நூலுக்குப் பளிச்சென்ற வெண்மை தரும் ரசாயனங்கள் யுத்தத்திற்குப் பின்னரே பரவலாயின. இருட்டறையில் அந்த விளக்கின் கீழ் நீல வெளிச்சம் வீசும் நூலைச் சந்தேகிக்கலாம். ஆனால் இதுவே முடிவான தீர்ப்பாகாது. அசலையே இக்காலத்துச் சலவைத் தூளிட்டு வெளுத்தால் அதுவும் ஒளிரும். பழைய நூலில் நெய்த போலி ஒளிராமலும் போகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி எனக்கு அந்தப் புலிச் சின்னத்தைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு கடிதம். நேதாஜியே தம் கையால் ஒரு சிப்பாய்க்கு அளித்ததாக அதில் கண்டிருந்தது. படித்தபோது மயிர் சிலிர்த்தது என்பதை மறைப்பானேன்? ஆயினும் விளக்கின் கீழ் வெள்ளைப் பட்டை தீபாவளி மத்தாப்பாய் ஜொலித்தது. விளிம்பிலிருந்த ஓர் இழையை அவர் அனுமதியோடு சுடரில் காட்டினேன். பருத்தியோ ரேயானோ என்றால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகியிருக்கும்; இது உருகிக் கறுத்த மணியாய்ச் சுருண்டது. பாலியஸ்டர்! 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டு, யுத்தத்திற்குப் பிறகே ஆடை நூலாய்ப் புழக்கத்திற்கு வந்த பொருள் அது. சின்னத்தைக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வியாபாரிக்குக் கோபம், "கடிதத்தைப் படித்தும் நம்பிக்கை இல்லையா?" என்றார். கடிதத்தை நெசவு பார்க்க முடியாதே!

பின்னர் எல்லாப் பரீட்சைகளிலும் தேறிய சின்னம் ஒன்று கிடைத்தது. அதைப் பள்ளிச் சுதந்திர தினக் கண்காட்சியில் வைத்தேன். பக்கத்தில் அப்படையினர் ஒருவரின் புகைப்படம்: கையில் புலி, மார்பில் நாஜிக் கட்சியின் ஸ்வஸ்திகத்தைப் பற்றிய கழுகு. சக ஆசிரியர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், "மார்புப் பகுதியைக் கத்தரித்துவிடுங்கள் ஸார்! பிள்ளைகளுக்குப் புலி போதும்" என்றார்.

நான் கத்தரிக்கவில்லை. ஜெர்மனியில் அச்சின்னத்தைப் பகிரங்கமாய்க் காட்டுவதைச் சட்டம் தண்டிக்கிறது. கல்வி, சரித்திர ஆராய்ச்சி போன்ற நோக்கங்களுக்கு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கின் நியாயம் எனக்குப் புரிந்தது. அந்தச் சிப்பாய்கள் எடுத்த பிரமாணத்தில் போஸின் பெயரும் இருந்தது, ஹிட்லரின் பெயரும் இருந்தது. முள்வேலிக்குள் கிடந்தவர்களில் தேசபக்தியால் சேர்ந்தவர்களும் உண்டு, வேலியைத் தாண்டினால் போதும் என்று சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்குச் சீருடை தந்த அதே ஆட்சி லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. 1944 ஆகஸ்டில் அந்தப் படை எஸ்.எஸ். படையின் போர்ப் பிரிவான வாஃபன் எஸ்.எஸ்.ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. இவ்வளவும் ஒரே சட்டையின் கதை. இல்லாத இழையைச் சேர்த்தவரைப் போலிக்காரர் என்கிறோமே, இருக்கும் இழையை உருவி எறிபவரை என்னவென்பது?

கண்காட்சி அன்று ஒரு மாணவன் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவர் நல்லவரா, கெட்டவரா, ஸார்?" என்று கேட்டான். "அவர் முன்னே என்னென்ன வழிகள் திறந்திருந்தன என்று முதலில் எழுதிக்கொண்டு வா" என்றேன். அவன் மறுநாள் இரண்டு பக்கம் எழுதி வந்தான். பதில் அதில் இல்லை. ஆனால் கேள்வி முந்தைய நாளைவிடச் சிறந்திருந்தது.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெட்டியில், எந்தப் படையில் சேவித்த பெரியவரின் துணியாயினும் சரி, ஒரு சின்னம் கிடக்குமானால் அதைச் சோப்புப் போட்டு வெளுக்காதீர்கள். கூட இருக்கும் படத்தையும் கத்தரிக்காதீர்கள்.