றோஸை விடுவிப்பது யார்?

நியூயோர்க் நகரின் ஸ்ரோர்க் கிளப்பில் பாஸ் வாத்தியம் வாசித்து வந்தவர் மானி பலஸ்ட்ரேரோ. தான் செய்யாத கொள்ளைக்காக 1953 ஜனவரியில் அவர் கைது செய்யப்பட்டார். அந்த உண்மைக் கதையை அல்பிரட் ஹிட்ச்கொக் 1956இல் 'த ரோங் மேன்' எனும் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். 'பிழையான மனிதன்' என்பது அதன் பொருள். ஹென்றி ஃபொண்டா கணவனாகவும் வேரா மைல்ஸ் மனைவி றோஸாகவும் நடித்துள்ளனர்.

எல்லாம் ஒரு பல் வைத்தியத்தில் தொடங்குகிறது. றோஸின் பல்லுக்கு 300 டொலர் தேவை. அவளது காப்புறுதியின் பேரில் கடன் பெற முடியுமா என விசாரிக்க மானி போகிறார். முன்னர் அங்கு கொள்ளையடித்தவன் இவன்தான் என அலுவலகப் பெண்கள் நினைத்துவிடுகின்றனர். பொலிசார் அவரைக் கடை கடையாக நடத்திக் காட்டுகின்றனர். கொள்ளையன் கொடுத்த குறிப்பை எழுதச் சொல்கின்றனர். அவன் விட்ட அதே எழுத்துப் பிழையை மானியும் விடுகிறார். அதன்பின் அவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை.

தலையாட்டியின் முன் நிறுத்தப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இக்காட்சிகளை விளக்கத் தேவையில்லை. ஆனால் என்னை அதிகம் பாதித்தது றோஸின் நிலையே. தன் பல்லுக்காகப் போனதால்தானே இப்படி நடந்தது என அவள் தன்னையே குற்றஞ்சாட்டுகிறாள். உறக்கமும் உணவும் குறைகின்றன. ஓரிரவு தலைவாரும் தூரிகையால் கணவனை அடிக்கிறாள், கண்ணாடி உடைகிறது. இறுதியில் மனநல விடுதியில் சேர்க்கப்படுகிறாள்.

உண்மையான கொள்ளையன் பிடிபட, மானி விடுதலையாகிறார். நற்செய்தியுடன் மனைவியிடம் ஓடுகிறார். அவளது முகத்தில் மாற்றமே இல்லை. அந்தச் செய்தி அவருக்குத்தான் நல்லது என்பதுபோல் இருக்கிறாள்.

என் பணியில் சந்தித்த ஒரு அக்காவின் கணவரை 2008இல் ஒரு சுற்றிவளைப்பில் தலையாட்டி காட்டியது. ஆள் மாறாட்டம் எனப் பல மாதங்களின் பின் விட்டார்கள். வீட்டுக்கு வந்த எல்லோரும் அவரைத்தான் விசாரித்தார்கள். அக்கா தேநீர் ஊற்றிக்கொடுத்தா. ஆண்டுகள் கழித்து, "நீங்கள் நித்திரை கொள்ளுறனீங்களா?" என்று நான் கேட்டபோதுதான் சொன்னா: "நான் அண்டைக்கு மண்ணெண்ணெய் வாங்க அனுப்பாட்டி அவரைப் பிடிச்சிருக்க மாட்டாங்கள், மிஸ்."

மண்ணெண்ணெய் வாங்கச் சொன்னது குற்றமல்ல. பல்வலி வந்ததும் குற்றமல்ல. பிழையாக அடையாளம் காட்டியதும், விசாரிக்காமல் அடைத்து வைத்ததும் வேறு ஆட்கள். எனினும் வீட்டிலிருக்கும் பெண்தான் அந்தப் பழியைத் தன்மேல் ஏற்றுகிறாள். ஒரு சொல்லில் அது இறங்காது. அந்த அக்கா பல வாரங்கள் வந்து கதைத்தா. இப்போது ஓரளவு உறங்குகிறா.

றோஸ் இரண்டு ஆண்டுகளின் பின் குணமடைந்து, குடும்பம் புளோரிடாவில் வாழ்கிறது என்ற வாசகத்துடன் படம் முடிகிறது. அந்த இரண்டு ஆண்டுகளைப் படம் காட்டவில்லை. விடுதலையாகி வந்தவரைப் பார்க்கப் போகும்போது, அடுப்படியில் நிற்பவளிடமும் சற்று இருந்து கதையுங்கள், சகோதரிகளே.